வீட்டுக்குள் யாருடைய ஹக் இருக்கிறது?



திருவல்லிக்கேணி, மண்ணடி, ராயப்பேட்டை சந்துகளில் இரண்டு தலைமுறையாக வாடகைக்கு இருந்த குடும்பங்கள் பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம் தாண்டி வண்டலூர், கூடுவாஞ்சேரி வரை வீடு தேடி வருகின்றன. 2021ல் தாம்பரம் மாநகராட்சி ஆனது. 2023 டிசம்பர் கடைசியில் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறந்தது. இந்த இரண்டையும் சொல்லாமல் எந்தத் தரகரும் இந்தப் பக்கம் விலை பேசுவதில்லை. பிள்ளைகளுக்குக் காற்றோட்டமான வீடு வேண்டும், மாதா மாதம் வாடகைக்குப் போகும் பணம் சொந்தமாக நிற்க வேண்டும் என்று நினைப்பதில் தவறு ஒன்றும் இல்லை. விசாலமான வீடு அல்லாஹ்வின் அருட்கொடைகளில் ஒன்று என்று நம் மார்க்கமே சொல்கிறது.

ஆனால் நம் அறக்கட்டளைக்கு ஆலோசனை கேட்டு வருகிறவர்களில் பெரும்பாலோர் அட்வான்ஸ் கொடுத்த பிறகுதான் வருகிறார்கள். கையில் வில்லங்கச் சான்று இருக்கும். "முப்பது வருஷத்துக்கு ஈசி போட்டுப் பார்த்தாச்சு, நில்லுதான்" என்பார்கள். ஈசி நில் என்றால் பதிவான வில்லங்கம் எதுவும் இல்லை என்பது மட்டுமே பொருள். அந்த வீட்டில் பதிவாகாத உரிமை இன்னொருவருக்கு இருக்கிறதா என்று அந்தத் தாள் சொல்லாது. வாழ்நாள் சேமிப்பைக் கொட்டி வாங்கும் வீட்டில் அடுத்தவர் ஹக் கலந்துவிடக் கூடாது என்பதுதான் இந்தப் பாடத்தின் விஷயம். சட்டம் கேட்கும் கேள்வியும் மார்க்கம் கேட்கும் கேள்வியும் இதில் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கின்றன.

ஈசி காட்டாத பங்கு

ஒருவர் மவ்த்தாகும் அந்த நேரமே அவருடைய சொத்து வாரிசுகளுக்குச் சேர்ந்துவிடுகிறது. அதற்குப் பத்திரம் வேண்டாம், பதிவு வேண்டாம், யாருடைய கையெழுத்தும் வேண்டாம். சூரத்துன்னிஸாவின் 7, 11, 12ஆம் வசனங்கள் பங்கைப் பெயர் சொல்லி நிர்ணயித்துவிட்டன. 1937ஆம் ஆண்டு ஷரீஅத் சட்டமும் முஸ்லிம்களின் வாரிசுரிமையை அப்படியே ஏற்கிறது. அந்தச் சட்டம் முதலில் விவசாய நிலத்தை விட்டுவைத்தது. நம் மாநிலத்தில் 1949ல் செய்த திருத்தத்தின்படி அதற்கும் ஷரீஅத் பங்குதான். "நஞ்சை நிலத்தில் பெண் பிள்ளைகளுக்குப் பங்கு கிடையாது" என்று ஊர்ப்பக்கம் இன்றும் பேசுவது மார்க்கத்திலும் இல்லை, சட்டத்திலும் இல்லை.

ஒரு கணக்கைப் பார்ப்போம். ஒருவர் 2,400 சதுர அடி, அதாவது ஒரு கிரவுண்டு மனையை விட்டு மவ்த்தாகிறார். மனைவி, இரண்டு ஆண் பிள்ளைகள், ஒரு பெண் பிள்ளை இருக்கிறார்கள். அவருடைய பெற்றோர் முன்பே காலமாகிவிட்டார்கள். கடனும் வஸிய்யத்தும் இல்லை. மனைவிக்கு எட்டில் ஒன்று, 300 சதுர அடி. மீதி 2,100 சதுர அடியை ஆணுக்கு இரண்டு, பெண்ணுக்கு ஒன்று என்று பிரித்தால் மகன்களுக்கு 840, 840, மகளுக்கு 420. இப்போது அண்ணன் தம்பி இருவர் மட்டும் கையெழுத்துப் போட்டு அந்த மனையை நமக்கு விற்றால், நாம் வாங்கியது 1,680 சதுர அடிதான். மீதி 720 சதுர அடி உம்மாவுக்கும் அந்தச் சகோதரிக்கும் உரியது. பத்திரத்தில் 2,400 என்று எழுதியிருப்பதால் அது நம்முடையதாகிவிடாது. நம் சட்டத்தில் ஒவ்வொரு வாரிசும் தம் பங்கை மட்டுமே விற்க முடியும். குடும்பத்தில் மூத்தவர் என்பதற்காக எல்லோர் பங்கையும் விற்கும் அதிகாரம் யாருக்கும் இல்லை.

எனவே விற்பவரிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, "இது உங்களுக்கு எப்படி வந்தது?" என்பது. வாப்பா வழியாக, உம்மா வழியாக வந்தது என்றால் மவ்த்தானவரின் இறப்புச் சான்றும் வாரிசுச் சான்றிதழும் கேளுங்கள். வாரிசுச் சான்றிதழ் பெயர்களைத்தான் சொல்லும், பங்கைச் சொல்லாது. சில சமயம் பெயரே விடுபட்டிருக்கும். வெளியூரில் கட்டிக்கொடுத்த பெண், முதல் மனைவியின் பிள்ளை, மகனுக்கு முன்னால் மவ்த்தாகாத பாட்டி, இவர்கள்தான் பெரும்பாலும் விடுபடுகிறவர்கள். தெருவில் நான்கு வீடு விசாரித்தால் அந்தக் குடும்பத்தில் எத்தனை பேர் என்பது தெரிந்துவிடும். இந்த விசாரணைக்கு வெட்கப்பட வேண்டாம்.

வாரிசுகளில் மைனர் இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். கணவரை இழந்த தாய், "பிள்ளைகளுக்காக நானே கையெழுத்துப் போடுகிறேன்" என்பார். அவருடைய நிய்யத் நல்லதாகவே இருக்கலாம். ஆனால் முஸ்லிம் சட்டத்தில் மைனரின் சொத்துக்குக் கார்டியன் தகப்பனார், அவர் வஸிய்யத்தால் நியமித்தவர், பாட்டனார், பாட்டனார் நியமித்தவர். தாயோ பெரிய தகப்பனோ அண்ணனோ அந்த வரிசையில் இல்லை. 1918ல் இமாம்பாந்தி வழக்கில் பிரிவி கவுன்சில் இதைத் தெளிவாகவே தீர்ப்புச் சொல்லிவிட்டது. நீதிமன்ற அனுமதி பெறாமல் தாய் விற்ற மைனர் பங்கு செல்லாது. அந்தப் பிள்ளை வளர்ந்து வந்து கேட்கும்போது நாம் வீட்டைக் கட்டி மாடியும் எடுத்திருப்போம். எத்தீமின் சொத்து என்பதால் மறுமைக் கணக்கும் சேர்ந்துகொள்கிறது.

இன்னொன்று, ஹிபா. முஸ்லிம்களின் அன்பளிப்புக்குப் பதிவு கட்டாயமில்லை. கொடுத்தேன் என்ற சொல், ஏற்றேன் என்ற சம்மதம், கைவசம் ஒப்படைத்தல் ஆகிய மூன்றும் இருந்தால் வாய்மொழியாகவே நிறைவேறும். வாப்பா உயிரோடு இருந்தபோதே கீழ்த்தளத்தை மகளுக்கு ஹிபா செய்து அவளும் குடியிருக்கிறாள் என்றால், ஈசியில் அதன் சுவடே இருக்காது. வீட்டில் இப்போது யார் குடியிருக்கிறார்கள், எந்த உரிமையில் இருக்கிறார்கள் என்று நேரில் போய்க் கேட்பது இதற்காகத்தான்.

இதையெல்லாம் வாங்குகிறவருக்குச் சொல்கிறோம். விற்கிறவர்களும் நம்மில்தான் இருக்கிறார்கள். "தங்கச்சிக்கு நூறு பவுன் போட்டுக் கட்டிக்கொடுத்தோம், பைக் வாங்கிக் கொடுத்தோம், இனி அவளுக்கு என்ன பங்கு?" என்ற பேச்சு நம் வீடுகளில் கேட்காத பேச்சா? கல்யாணத்துக்குச் செய்தது வாப்பாவின் அன்பளிப்பு. மீராஸ் அல்லாஹ் கொடுத்த பங்கு. ஒன்றை மற்றொன்றில் கழிக்க நமக்கு அதிகாரம் இல்லை. சகோதரி மனமுவந்து விட்டுக்கொடுத்தால் அது அவருடைய பெருந்தன்மை. விடுதலைப் பத்திரத்தை நீட்டி, "போடாவிட்டால் உனக்கு இந்த வீட்டு வாசல் இல்லை" என்ற நிலையில் வாங்கிய கையெழுத்து மனமுவந்ததாகுமா? அவருடைய பங்கின் இன்றைய மதிப்பு இவ்வளவு என்று முதலில் ரூபாயில் சொல்லுங்கள். அந்தப் பணத்தை அவர் கையில் கொடுங்கள். அதன் பிறகு அவர் திருப்பித் தந்தால் வாங்கிக்கொள்ளலாம். அடுத்தவர் நிலத்தில் ஒரு சாண் அளவு அபகரித்தவனுக்குக்கூட மறுமையில் என்ன நேரும் என்று புகாரி, முஸ்லிம் நூல்களில் வரும் எச்சரிக்கை, ஒரே வாப்பாவுக்குப் பிறந்தவர்களுக்கு இடையிலும் பொருந்தும்.

பணம் யாருடையது, பெயர் யாருடையது

நம் குடும்பங்களில் கணிசமானவை வளைகுடாப் பணத்தில் வீடு கட்டியவை. மகன் பதினைந்து வருடம் சவூதியில் இருந்து அனுப்புகிறான். வாப்பா இங்கே இடம் பார்த்து, அலைந்து, தம் பெயரிலேயே பதிந்துவிடுகிறார். யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. வாப்பா மவ்த்தானதும் அது அவருடைய சொத்தாகவே பார்க்கப்பட்டு எல்லா வாரிசுகளுக்கும் பிரிகிறது. "அது என் பணம்" என்று மகன் சொன்னால், "வாப்பாவுக்கு நீ கொடுத்ததுதானே" என்று மற்றவர்கள் சொல்வார்கள். ஹதியாவாகக் கொடுத்தாரா, அமானிதமாகக் கொடுத்தாரா என்பதற்குச் சாட்சியும் இல்லை, எழுத்தும் இல்லை. இப்படிப் பிரிந்த அண்ணன் தம்பிகளை நாம் எல்லோருமே பார்த்திருக்கிறோம்.

சட்டத்திலும் இதற்கு ஒரு சிக்கல் உண்டு. 2016ல் திருத்தப்பட்ட பினாமி சட்டம், கணக்குக் காட்டத்தக்க பணத்தில் மனைவி பெயரிலோ பிள்ளைகள் பெயரிலோ வாங்குவதைத் தடுக்கவில்லை. ஆனால் பெற்றோர், உடன்பிறந்தவர் பெயரில் வாங்கினால் பணம் போட்டவர் பெயரும் கூட்டு உரிமையாளராகப் பத்திரத்தில் இருக்க வேண்டும். எனவே பணம் அனுப்புகிறவர் தம் பெயரிலோ கூட்டாகவோ பதிவது நல்லது. ஊருக்கு வர முடியாவிட்டால் அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் அத்தாட்சி பெற்ற பவர் பத்திரம் அனுப்பலாம். இங்கே வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் அதற்கு முத்திரைத் தீர்வை செலுத்திவிட வேண்டும்.

மனைவியின் நகைக்கும் இதே கேள்வி. "வீடு வாங்க 25 பவுனைக் கழற்றிக் கொடுத்தாள்" என்று பெருமையாகச் சொல்கிறோம். மஹராக வந்ததும் தாய்வீட்டில் போட்டதும் அவருடைய சொத்து. அதை அன்பளிப்பாகத் தந்தாரா, கடனாகத் தந்தாரா, வீட்டில் பங்காகத் தந்தாரா? கேட்டிருக்க மாட்டோம். பிள்ளைகள் உள்ள நிலையில் கணவர் மவ்த்தானால் மனைவியின் மீராஸ் பங்கு எட்டில் ஒன்று. நகை கடன் என்று எழுதியிருந்தால் பாகப்பிரிவினைக்கு முன்பே அது திரும்பி வந்துவிடும். இரண்டு பெயரிலும் பத்திரம் இருந்தால் அவருடைய பாதி அவருடையதாகவே நிற்கும். எதுவும் எழுதாவிட்டால் 25 பவுனும் எட்டில் ஒன்றுக்குள் கரைந்துவிடும். ஆயுள் முழுவதும் அந்த வீட்டைக் கூட்டிப் பெருக்கிய பெண், கடைசிக் காலத்தில் மருமகள்களுக்குக் கட்டுப்பட்டு ஓர் அறையில் இருக்க நேர்கிறது.

மண்ணுக்கும் தண்ணீருக்கும் உள்ள உரிமை

தனியார் உரிமையைப் போலவே பொதுவின் உரிமையும் உண்டு. ஏரி, கால்வாய், மேய்க்கால் புறம்போக்கு, வக்ஃப் நிலம் எல்லாம் அந்த வகை.

2015 டிசம்பர் முதல் வாரத்தை இந்தப் பகுதியில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. மழை. ஆதனூர், மண்ணிவாக்கம் பக்கத்து ஏரிகளின் உபரி நீர் அடையாற்றில் இறங்கி முடிச்சூர், வரதராஜபுரம் தெருக்களை மூழ்கடித்தது. தண்ணீர் தன் பழைய பாதையில்தான் வந்தது. அந்தப் பாதையில் மனை போட்டு விற்றவர்கள் அன்று அங்கே இல்லை, வாங்கியவர்கள் மொட்டை மாடியில் நின்றார்கள். வீடு பார்க்க ஏப்ரல், மே மாதத்தில் போனால் எல்லா இடமும் மேட்டு நிலமாகத்தான் தெரியும். ஐப்பசி, கார்த்திகையில் ஒருமுறை போய்ப் பாருங்கள். பக்கத்து வீட்டுச் சுவரில் தண்ணீர்க் கறை எந்த உயரத்தில் இருக்கிறது, தெருவில் பழைய வீடுகள் வாசற்படியை எத்தனை முறை உயர்த்தியிருக்கின்றன என்று கவனியுங்கள். ஆவணத்தில் பார்க்க, பட்டாவோடு அ-பதிவேடும் புலப்பட நகலும் எடுங்கள். சர்வே எண்ணுக்கு எதிரே நிலத்தின் வகை என்ன என்று அ-பதிவேட்டில் தெரியும். பட்டாவையும் அ-பதிவேட்டையும் வருவாய்த் துறையின் இணைய சேவையில் வீட்டிலிருந்தே பார்க்கலாம், தரகரிடம் கேட்க வேண்டியதில்லை.

அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பற்றி நீட்டிச் சொல்லத் தேவையில்லை. 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்த பிறகு எல்லோருக்கும் தெரிந்த விஷயமாகிவிட்டது. சி.எம்.டி.ஏ. அல்லது டி.டி.சி.பி. அனுமதி எண், மனைப்பிரிவு வரைபடம் இரண்டையும் ஒத்துப் பாருங்கள். வரைபடத்தில் பூங்கா என்று காட்டிய இடத்தையே சிலர் மனையாக விற்கிறார்கள். அடுக்ககம் என்றால், 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்திலோ 8 வீடுகளுக்கு மேலாகவோ வரும் திட்டம் ரெராவில் பதிவாகியிருக்க வேண்டும். பதிவான ஒப்பந்தம் இல்லாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் முன்பணம் வாங்க அந்தச் சட்டம் கட்டுநருக்கு அனுமதி தரவில்லை. பவர் ஏஜென்ட் விற்கிறார் என்றால் பவர் கொடுத்தவர் இன்று உயிரோடு இருக்கிறாரா என்று பாருங்கள். பவர் பத்திரத்தை மட்டும் கையில் வாங்கிக்கொண்டு சொத்தை வாங்கிவிட்டதாக எண்ணக் கூடாது. அது உரிமை மாற்றம் ஆகாது என்று 2011ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

வக்ஃப் விஷயத்தில் நாம்தான் கூடுதல் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். உமர் (ரலி) அவர்கள் கைபர் நிலத்தை வக்ஃப் செய்தபோது விதித்த நிபந்தனை, அதை விற்கக் கூடாது, அன்பளிப்பாகக் கொடுக்கக் கூடாது, வாரிசுக்குப் போகக் கூடாது என்பது. வக்ஃப் சட்டத்தில் 2013ல் செய்த திருத்தமும் விற்பனையை நேராகவே தடுக்கிறது. பள்ளிவாசலை ஒட்டி மலிவாக ஓர் இடம் வருகிறது, விற்பவரிடம் பத்திரமும் இருக்கிறது என்றால், தாய்ப்பத்திரம் எங்கிருந்து தொடங்குகிறது என்பதைப் பார்த்து, வக்ஃப் வாரியத்தில் அந்தச் சர்வே எண்ணை விசாரித்த பின்பே அட்வான்ஸ் கொடுங்கள். தொழப் போகும் பள்ளியின் நிலத்திலேயே குடியிருந்துவிடும் நிலை யாருக்கும் வர வேண்டாம்.

பணத்தின் வழி

தனி வீட்டுக்கும் மனைக்கும் முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 60 லட்ச ரூபாய் வீட்டுக்கு 5 லட்சத்து 40 ஆயிரம். புதிய அடுக்ககத்தின் முதல் விற்பனைக்குக் கணக்கு வேறு, குறைவாகவே வரும். 50 லட்சமும் அதற்கு மேலும் என்றால் விற்பவருக்குக் கொடுப்பதில் 1 சதவீதத்தை வாங்குபவரே பிடித்து வருமான வரித் துறைக்குக் கட்ட வேண்டும். வீட்டு விலையை மட்டும் சேர்த்து வைத்துக்கொண்டு பத்திரச் செலவுக்குக் கடைசி வாரத்தில் கைமாற்றுக்கு ஓடுவதைப் பார்க்கிறோம். "பாதி வெள்ளை, பாதி கறுப்பு" என்று பத்திரத்தில் விலையைக் குறைத்து எழுதுவது பொய்ச் சாட்சியம். நாளை விற்பனை ரத்தானால் கறுப்பில் கொடுத்த பணத்துக்கு எந்த நீதிமன்றத்திலும் பேச முடியாது.

வட்டி ஹராம் என்பதில் உலமாக்களிடையே கருத்து வேறுபாடு இல்லை. கணக்காகவும் ஒருமுறை பார்த்துவிடுவோம். 30 லட்ச ரூபாய் வீட்டுக் கடன், 8.5 சதவீதம், 20 வருடம் என்றால் மாதத் தவணை சுமார் 26 ஆயிரம். முதல் மாதத் தவணையில் 21,250 ரூபாய் வட்டிக்கே போய்விடும். மொத்தம் கட்டி முடிக்கும்போது சுமார் 62 லட்சத்து 48 ஆயிரம் ஆகியிருக்கும். வாங்கிய தொகையைவிட வட்டி அதிகம். "வேறு வழியில்லை, நிர்ப்பந்தம்" என்பவர்கள் தம் நிலையை அப்படியே ஓர் ஆலிமிடம் சொல்லிக் கேட்கட்டும், தாமே ஃபத்வா கொடுத்துக்கொள்ள வேண்டாம். வாடகை வீட்டில் இருப்பது நிர்ப்பந்தமும் அல்ல, அவமானமும் அல்ல என்பது எங்கள் கருத்து. வரன் பார்க்க வருகிறவர்கள் "சொந்த வீடா?" என்று கேட்பதை நிறுத்தினால் பாதிப் பேருக்கு இந்த நிர்ப்பந்தம் குறையும்.

விற்பவரே தவணைக்குக் கொடுப்பதற்கு மார்க்கத்தில் இடமுண்டு. ரொக்கத்துக்கு ஒரு விலை, தவணைக்கு ஒரு விலை என்று பேசி, ஒப்பந்தம் செய்யும்போதே ஒன்றைத் தீர்மானித்துவிட வேண்டும். தாமதமானால் தொகை ஏறும் என்ற நிபந்தனை கூடாது. கட்டுநர்களில் சிலரும், ஊர்ப் பக்கம் மனை போடுகிறவர்களும் இதற்குச் சம்மதிக்கிறார்கள், கேட்டுப் பார்ப்பதில் நஷ்டமில்லை. ஏலமும் தள்ளுபடியும் இல்லாத குலுக்கல் சீட்டு, பைத்துல்மாலின் அழகிய கடன் போன்றவற்றால் முழு வீடு வாங்க முடியாது. பத்திரச் செலவுக்கும் கடைசித் தவணைக்கும் அவை உதவும்.

"ஹலால்" என்று எழுதியிருந்தால் போதும் என்று நம்பிவிடவும் கூடாது. பெங்களூரில் ஐ.எம்.ஏ. நிறுவனம் ஹலால் முதலீடு என்ற பெயரில் பணம் வாங்கி 2019 ஜூனில் சரிந்தபோது, வீடு வாங்கவும் பெண் பிள்ளைகளைக் கட்டிக்கொடுக்கவும் சேர்த்த பணத்தை ஆயிரக்கணக்கான முஸ்லிம் குடும்பங்கள் இழந்தன. மாதம் நிச்சயமாக இவ்வளவு தருகிறோம் என்பது வியாபாரத்தின் பேச்சு அல்ல.

ஒத்தியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். சென்னையில் லீஸ் என்கிறோம். 8 லட்சம் கொடுத்து மூன்று வருடம் வாடகை இல்லாமல் இருந்து, காலி செய்யும்போது 8 லட்சத்தையும் திருப்பி வாங்கிக்கொள்வது. கொடுத்த தொகை கடன். கடனுக்காக வாடகையில்லாமல் குடியிருப்பது அந்தக் கடனால் கிடைக்கும் ஆதாயம். உலமாக்களில் பெரும்பாலோர் இதை வட்டியின் வகையாகவே சொல்கிறார்கள். பெயருக்கு மாதம் 500 ரூபாய் வாடகை என்று எழுதிக்கொள்வது அதே கொடுக்கல் வாங்கலுக்கு வேறு சட்டை போடுவதுதான். உலக வழியிலும் இதில் ஆபத்து இருக்கிறது. வீட்டுக்காரர் அதே வீட்டை வங்கியில் அடமானம் வைத்துத் தவணை கட்டாமல் விட்டால், வங்கி ஏலத்துக்கு வரும். பதிவு செய்யாத லீஸ் பத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு நம்மவர்கள் தெருவில் நிற்கிறார்கள். நியாயமான வாடகையும் சில மாத அட்வான்ஸும் கொடுத்து இருப்பது நல்லது.

பக்கத்து வீடு

அபூ ராஃபிஉ (ரலி) அவர்கள் தம் இரு அறைகளை ஸஅத் (ரலி) அவர்களுக்கு விற்ற செய்தி புகாரியில் இருக்கிறது. வெளியார் 500 தீனார் தர முன்வந்திருந்தார்கள். ஸஅத் (ரலி) தர முடிந்தது 4,000 திர்ஹம், அதுவும் தவணையாக. அண்டை வீட்டாருக்கே உரிமை அதிகம் என்று நபி (ஸல்) அவர்கள் சொல்லக் கேட்டிருந்ததால் குறைந்த விலைக்கே கொடுத்தார். ஷுஃப்ஆ என்ற இந்த முன்னுரிமை ஹனஃபி மத்ஹபில் பக்கத்து வீட்டாருக்கும் உண்டு, ஷாஃபிஈ மத்ஹபில் கூட்டுப் பங்காளிக்கு மட்டும். நீதிமன்றத்தில் இதைக் கேட்டுப் பெற முடிகிறதோ இல்லையோ, விற்கும் முன்பு பக்கத்து வீட்டில் ஒரு வார்த்தை சொல்லலாமே. நாம் வாங்கப் போகும் இடத்தின் பக்கத்து வீட்டுக்காரரிடமும் பேசினால் சுவர்த் தகராறு, பாதைத் தகராறு எல்லாம் பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

பெயரைக் கேட்டதும் "வீடு கொடுத்தாச்சு" என்று சொல்லும் இடங்களும் உண்டு. மனம் கசக்கும் என்பதை மறைக்க வேண்டியதில்லை. அதனால் நம்மவர்கள் இருக்கும் தெருவிலேயே எல்லோரும் தேடுகிறோம். பள்ளிவாசலைச் சுற்றி விலை ஏறுகிறது, குறுகிய இடத்தில் வீடு நெருங்குகிறது. ஜமாஅத்துத் தொழுகை, பிள்ளைகளின் மக்தப், நோன்புக் கஞ்சி எல்லாவற்றுக்கும் பள்ளி அருகில் இருப்பது பெரிய பாக்கியம்தான். ஆனால் நூறடி தூரத்துக்காகப் பத்து லட்சம் கூடுதலாகக் கடன்படுவதைவிட, பத்து நிமிடம் நடக்கும் தூரத்தில் நிம்மதியாக இருக்கலாம். ஃபஜ்ருக்கும் இஷாவுக்கும் அந்தப் பாதையில் ஒருமுறை நடந்து பாருங்கள். மையவாடி எந்த ஜமாஅத்துக்கு உரியது, புதிதாகக் குடியேறியவர்களை எப்படிச் சேர்த்துக்கொள்கிறார்கள் என்பதையும் குடிபோன மாதத்திலேயே கேட்டு, சந்தாவில் பெயர் சேர்த்துக்கொள்ளுங்கள். மவ்த் நடந்த வீட்டில் இரவு பதினொரு மணிக்குக் கேட்கும் கேள்வி அல்ல அது.

பக்கத்து வீட்டார் யாராக இருந்தாலும் அவர்களுக்கு நம்மீது ஹக் உண்டு. அப்துல்லாஹ் இப்னு அம்ர் (ரலி) அவர்கள் வீட்டில் ஆடு அறுத்தபோது, யூத அண்டை வீட்டாருக்குக் கொடுத்தீர்களா என்று திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறார். புறநகரில் நம் பக்கத்து வீட்டார் இந்துக்களாகவோ கிறிஸ்தவர்களாகவோ இருப்பார்கள். ஜும்ஆ நேரத்தில் அவர்கள் வீட்டு கேட்டை மறித்து வண்டி நிறுத்தாமல் இருப்பது, குர்பானிக் கழிவைத் தெருக் கால்வாயில் விடாமல் இருப்பது, செப்டிக் டேங்க் தண்ணீரை இரவில் வெளியே திறந்துவிடாமல் இருப்பது, அடுக்ககத்தில் பராமரிப்புக் கட்டணத்தைத் தேதிக்குக் கட்டுவது, இவையெல்லாம் அந்த ஹக்கில் அடங்கும். அடுத்து வரும் முஸ்லிம் குடும்பத்துக்கு அந்தத் தெருவில் வீடு கிடைக்குமா என்பதும் இதைப் பொறுத்திருக்கிறது.

பத்திரத்தோடு வைக்க வேண்டிய தாள்

பதிவு முடிந்ததும் பட்டா, சொத்து வரி, மின் இணைப்பு மூன்றையும் பெயர் மாற்றிவிடுங்கள். குடியிருக்கும் வீட்டுக்கு ஜகாத் இல்லை. விலை ஏறினால் விற்கலாம் என்ற நிய்யத்தில் வாங்கிய மனைக்கு ஆண்டுதோறும் அன்றைய மதிப்பில் 2.5 சதவீதம் உண்டு. வீடு கட்ட வாங்கிய மனைக்கு இல்லை.

பிறகு ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, இந்த வீட்டுக்குப் பணம் எங்கிருந்து வந்தது என்று எழுதுங்கள். நகை தந்தவர் மனைவி, இத்தனை பவுன், கடனாகவா அன்பளிப்பாகவா. மச்சான் கைமாற்றாகக் கொடுத்தது இவ்வளவு, திருப்பியது இவ்வளவு. சீட்டுப் பணம், மகன் அனுப்பியது, பாக்கி மஹர். கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிவைக்கச் சொல்லும் சூரத்துல் பகராவின் 282ஆம் வசனம் இதற்கும்தான். கணவனும் மனைவியும் கையெழுத்திட்டு, சாட்சிக்கு இரண்டு பேரிடம் கையெழுத்து வாங்கி, பத்திரத்தின் பிளாஸ்டிக் உறைக்குள்ளேயே வையுங்கள். வஸிய்யத் எழுதுகிறவர்கள், கடன் போக மீதியில் மூன்றில் ஒன்றுக்கு மேல் எழுத முடியாது, வாரிசுக்கு எழுதினால் மற்ற வாரிசுகள் சம்மதித்தால்தான் நிற்கும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். தாள் எங்கே இருக்கிறது என்று பிள்ளைகளில் ஒருவருக்காவது, முடிந்தால் பெண் பிள்ளைக்கு, சொல்லி வையுங்கள்.